ஏழாவது காலில் மழை

ஹற்றன் பஸ் நிலையத்துக்கு எதிரே
போன் திருத்தும் கடையின் மேல்மாடி.
தகரத்தில் மழை, பேச விடாமல்.
திரையில் பூஜ்ஜியம்.

எழுதியது சின்ன நிரல்தான்.
கிண்ணம் நிறையும், கவிழும்,
கவிழும்போது ஒரு காந்தம்
சுவிட்சைத் தொட்டுப்போகும்.
சில்லின் ஏழாவது கால் அதைக் கேட்டு
ஒன்று கூட்டும்.
எண்பது ஆனால்
கீழ்க்கணக்கு லயங்களில் சைரன் அலற வேண்டும்.

கிண்ணம் கொழும்பிலிருந்து இன்னும் வரவில்லை.
கினிகத்தேனையில் மண் சரிந்து
பார்சல் லொறி ரோட்டில் நிற்கிறதாம்.
ஆகவே கணினிக்குள் பொய் மழை.
ஒரு கோப்பு, அதில் வரிவரியாக:
இப்போது ஏழாவது கால் மேலே
இப்போது கீழே
நாற்பது முறை.

பூஜ்ஜியம்.

காலின் பெயரைச் சந்தேகித்தேன். பெயர் சரி.
கேட்கும் காலா, பேசும் காலா?
கேட்கும் கால்தான்.
பிளேன்டீயும் மாலு பணிஸுமாக
ஏறிவந்த டிலக்‌ஷன்
தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து,
"இது பொறக்கும்போதே அனலொக் கால், மாத்தினியா?"

மாற்றவில்லை.
கூடக்குறைய அளக்கப் பிறந்த கால்
ஆமா இல்லையா என்று கேட்டால்
எப்போதும் இல்லை என்கிறது.
ஒரு வரி சேர்த்தேன். ஓடவிட்டேன்.
பூஜ்ஜியம்.

பத்தரைக்கு ஞானசுந்தரியக்காவின் கோல்.
"லயத்துக்குப் பின்னால வெடிப்பு, தம்பி.
நேத்து விரல் போச்சு, இன்னிக்கு கையே போகுது.
ஆபீசுக்கு மூணு தரம் அடிச்சேன்.
கிளாக்கர் ஐயா சரி சரின்னு வச்சிட்டாரு,
அர நிமிசம் பேச விடல.
மெசின் எப்ப வரும்?"

சோதிக்கிறோம் அக்கா, என்றேன்.

பிறகு ஒவ்வொரு அடியாக ஓட்டினேன்.
சமிக்ஞை வருகிறது, கண்ணால் பார்க்கிறேன்,
வாசலைத் தட்டுகிறது, உள்ளே காலை வைக்கிறது,
என் சொந்த வரியே
கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறது.

இருபது மில்லிசெக்கனுக்குக் குறைந்தது
மழையல்ல, வயரின் நடுக்கம்
என்று போன வாரம் எழுதியவன் நான்தான்.
கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.
கோப்பில் இருநூறு என்று போட்டிருந்தேன்,
மில்லிசெக்கன் என்ற நினைப்பில்.
கோப்புக்கோ அது இருநூறு துடிப்பு.
செக்கனுக்குப் பத்து லட்சம் துடிக்கும் சில்லுக்கு
இமை அசையத் தொடங்கவும் காணாத நேரம்.
நாற்பது தரம் தட்டியிருக்கிறது.
நாற்பது தரமும்
சுருக்கமாய்ச் சொன்னதால் பொய் என்று
தள்ளியிருக்கிறேன்.

இருநூறை இரண்டு லட்சமாக்கினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நாற்பதில் டிலக்‌ஷன் மேசையில் அடித்ததில்
தேத்தண்ணி கீபோர்டில் சிந்தியது.

எனக்கு அவ்வளவு சந்தோசம் வரவில்லை.
இந்த மழை ரொம்ப ஒழுங்கு.
மேலே என்றால் மேலே,
விளிம்பு சவரக்கத்தி.
உண்மைச் சுவிட்ச் அப்படி மூடாது.
பெப்ரவரிப் பனியில் பிரட்டுக்கு நிற்பவரின் பல் போல
பத்துப் பன்னிரண்டு தரம் தந்தியடித்துத்தான்
ஒன்றாகும்.

கடை லாச்சியில் பழைய கதவு அலாரம்,
உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தம்.
தொட்டுத் தொட்டு எடுத்தோம்,
அதன் நடுக்கத்தைப் பதிந்து
எண் எண்ணாகக் கோப்பில் ஏற்றினோம்.
பொய்க்கும் கொஞ்சம் குளிரட்டும்.

ஒன்றேகால் மணி.
நாற்பது போட்டால் நாற்பது.
எண்பதில்
சைரன் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு சிவப்புப் புள்ளி.

அக்காவுக்கு எடுத்தேன்.
பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்,
எங்கோ பெஞ்சு இழுபடும் சத்தம்.
"ஸ்கூல்ல இருக்கோம் தம்பி, எல்லாருமே.
வாசல்ல வாளிய வச்சேன்.
நெறைய நெறைய கவுத்தேன்.
நாலு தரம் கவுத்ததும்
போதும்னு கெளப்பிட்டேன்."

நாலு என்று
கோப்பின் கடைசி வரிக்குக் கீழே எழுதினேன்.
வாளி என்ன அளவு என்று
கேட்க மறந்துவிட்டேன்.